அண்ணன் பிடித்த கை

வேலூர்
4.11.2024

அன்பு வனிதாவுக்கு,

அண்ணி அமுதா எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்திருக்கிறேன், அங்கிருந்துதான் இது. உன் போனுக்கு அடித்து அலுத்துவிட்டேன். மதியின் போனிலிருந்து அடித்தால் மணி போகிறது, என்னுடையதிலிருந்து போகவில்லை. புரிந்துகொண்டேன். என் பெண்ணை வைத்து உன்னைப் பிடிப்பது மரியாதை இல்லை என்று, உன் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுகிறேன்.

ஏழு வருஷம் கழித்து உன் அண்ணனைப் பார்க்க வந்தாய். உள்ளே ஒருத்தருக்குத்தான் அனுமதி என்றதும் நான் வெளியே நின்று உன்னை அனுப்பினேன். அண்ணனும் தங்கையும் தனியாக இருக்கட்டும் என்றுதான். உனக்கு டீ வாங்கி மூடி வைத்திருந்தேன். நீ வந்தாய், பாஸை என் கையில் வைத்தாய், "வரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போய்விட்டாய். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அவருக்கு என்ன ஆனதென்றும் நீ கேட்கவில்லை. காய்ச்சல் என்றுதான் ஆரம்பித்தது. களம்பூர் மில்லில் லோடு ஏறும் சீசன், மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ஆரணியில் ஊசி போட்டும் இறங்கவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்தபின் இங்கே கொண்டுவந்தோம். இடுப்பு மடிப்பில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் புண் இருந்ததை இங்கேதான் கண்டுபிடித்தார்கள். உண்ணிக் காய்ச்சலாம். அதற்குள் நுரையீரல் போய்விட்டது. இப்போது கழுத்தில் ஓட்டை போட்டு மிஷின்தான் மூச்சு விடுகிறது.

உள்ளே என்ன நடந்தது வனிதா? எனக்குச் சொல்.

உன் அண்ணி,
அமுதா


ஓசூர்
12.11.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் கொடுத்தார்கள். வகுப்பு முடியும்வரை பிரிக்கவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் சண்டை போட்டுவிடுவேன். எழுதினால் இரண்டையும் அடித்துவிட்டு மறுபடி எழுதலாம். அதனால் எழுதுகிறேன்.

நான் கோபித்துக்கொண்டு கிளம்பி வரவில்லை அண்ணி. பதில் கிடைத்துவிட்டது, வந்துவிட்டேன்.

அடி வாங்கிக்கொண்டு வந்த என்னைத் திரும்பச் செய்யாறு பஸ்ஸில் ஏற்றிவிட்ட அன்று ஆரணி பஸ் ஸ்டாண்டில் அண்ணன் சொன்னது உங்களுக்கும் கேட்டிருக்கும். "புருஷன்னா கை நீட்டத்தான் செய்வான். நீ ஜல்தியா போய்ச் சேரு, ஊர் பேசறதுக்குள்ள." அப்பா போனபின் என்னைப் படிக்க வைத்தவர், மூட்டை தூக்கி எனக்குக் கம்மல் போட்டவர், என் முதுகைத் திருப்பிப் பார்க்காமல் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். நான் செய்யாற்றில் இறங்கவில்லை, காஞ்சிபுரம் போய்விட்டேன் என்று தெரிந்தபின்னும் ஒரு வார்த்தை வரவில்லை.

அன்று உள்ளே போனதும் நர்ஸ் சொன்னார்: "முழிச்சிகினுதான் இருக்காரு, பேசுங்க, புரியும்." கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். நான் கையை எடுத்து வைத்துக்கொண்டு சொன்னேன்: "அண்ணா, வனிதா வந்துகீறேன். என்ன அனுப்பினது தப்புன்னு உனக்குத் தோணிச்சுன்னா ஒண்ணும் பேச வேணாம். என் கைய ஒரு தடவ அழுத்து. போதும்."

காத்திருந்தேன். அந்தக் கை அப்படியே கிடந்தது. மறுபடி கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். முகம் சுவர்ப் பக்கம் போய்விட்டது.

அவ்வளவுதான் அண்ணி. அவர் குணமாக வேண்டும் என்று தினமும் செபிக்கிறேன், அதில் பொய் இல்லை. ஆனால் இனி வர மாட்டேன்.

வனிதா


வேலூர்
20.11.2024

அன்பு வனிதா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி.

இங்கே பவித்ரா என்று ஒரு பெண். பிசியோதெரபி படித்தவள். ஒருநாள் விட்டு ஒருநாள் சின்ன ஸ்கேன் மிஷினைத் தள்ளிக்கொண்டு வருவாள். ஐ.சி.யு.வில் படுத்துவிட்டவர்களுக்கு உடம்பில் சதை எவ்வளவு கரைகிறது என்று அளக்கும் ஆராய்ச்சி. "அக்கா, இதனால உங்க வீட்டுக்காரருக்கு உடனே ஒண்ணும் பலன் இல்ல. பின்னாடி வர்றவங்களுக்கு உதவும். இஷ்டமிருந்தா சரின்னு சொல்லுங்க" என்றாள். ஒளிக்காமல் சொன்னாளே என்று சரி என்றேன்.

தொடையில் பேனாவால் கோடு போட்டு, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்தான் வைப்பாள். பசை மாதிரி எதையோ தடவி, அழுத்தாமல் வைக்க வேண்டுமாம். திரையில் எனக்கும் காட்டுவாள். மேலே தோல், அதற்குக் கீழே கொழுப்பு, அடியில் வெள்ளையாக வளைந்திருப்பது எலும்பு. நடுவில் கறுப்பாகத் தெரிகிற பட்டைதான் சதை.

மில்லிலிருந்து தங்கவேலு வந்து பார்த்துவிட்டு, "அண்ணன் நல்லா சதை போட்டுகினுகீறாரு, கவலப்படாதீங்க" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். கையும் காலும் மொழுமொழுவென்று இருந்தன. பவித்ராதான் சொன்னாள்: "அது நீர் அக்கா. உடம்பு பூராவும் நீர் கோத்துகினுகீது. உள்ள பாருங்க." அந்தக் கறுப்புப் பட்டை வரவர மெலிந்துகொண்டே வந்தது. நெல் மூட்டையை முட்டியில் நிறுத்தி முதுகுக்கு ஏற்றிய தொடை வனிதா. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்றாள். குழாய் வழியாகச் சாப்பாடு போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஆனாலும் கரைகிறது. காய்ச்சல் இருக்கிற உடம்பு தன் சதையையே தின்னுமாம்.

நேற்று அவளிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். நீ வந்த தேதியைக் கேட்டாள். "அன்னிக்குக் காலையிலதான் அவர் கைய நான் பார்த்தேன் அக்கா. விரல மூடுங்கன்னேன். லேசா துடிச்சுது, மூடல. அவரால முடியல. அந்தக் கையால ஒரு துணியக்கூட புடிச்சிருக்க முடியாது" என்றாள். கழுத்திலும் பலமில்லை. தலையணை எந்தப் பக்கம் சாய்கிறதோ தலை அந்தப் பக்கம் போகும். முதுகு புண்ணாகக் கூடாதென்று நர்ஸ்கள் புரட்டிப் போடுகிறார்கள். முகம் சுவர்ப் பக்கம் போனது அப்படித்தான் இருக்கும்.

நீ கேட்டது அவர் கையால் கொடுக்க முடியாத பதில். வந்து ஒருமுறை பார்.

உன் அண்ணி,
அமுதா


ஓசூர்
28.11.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் எனக்காக இவ்வளவு விசாரித்தது மனதுக்கு இதமாக இருந்தது. நம் வீட்டில் யார் முகம் சுளித்தாலும் நடுவில் வந்து நிற்பது நீங்கள்தான். அதனாலேயே எனக்குச் சந்தேகமும் வருகிறது, தப்பாக நினைக்காதீர்கள்.

கை முடியவில்லை, ஒத்துக்கொள்கிறேன். கழுத்து முடியவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். கண்ணை மூடினாரே அண்ணி? திறந்திருந்த கண், என் கேள்வியைக் கேட்டபின் மூடியது. அதற்கு எவ்வளவு சதை வேண்டும் என்று அந்தப் பெண்ணைக் கேட்டுச் சொல்லுங்கள்.

எழுதிவிட்டுப் பார்த்தால் குத்தலாகத்தான் இருக்கிறது. அடிக்க மனமில்லை, அப்படியே விடுகிறேன். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? லாட்ஜில் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். மதி காலேஜுக்குப் போகிறாளா?

வனிதா


ஆரணி
14.12.2024

அன்பு வனிதா,

ஆரணி என்று மேலே போட்டிருப்பதைப் பார்த்திருப்பாய். வீட்டுக்கு வந்துவிட்டோம். கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள், ஓட்டை மூடிக்கொண்டு வருகிறது. காற்று கலந்த குரலில் பேசுகிறார்.

உன் கேள்வியைப் பவித்ராவிடம் கேட்டேன். "மருந்து மயக்கமா இருக்கலாம், அசதியா இருக்கலாம். வேற எதுனா இருந்துச்சான்னு என்னால அளக்க முடியாது அக்கா" என்றாள். அவள் சொன்னதை அப்படியே உனக்குச் சொல்கிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

நீர் வடிந்தபின் உன் அண்ணனைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. திரையில் பார்த்ததைக் கண்ணால் பார்க்கிறேன். முட்டிதான் பெரிதாக இருக்கிறது, மேலேயும் கீழேயும் ஒன்றுமில்லை. நானும் மதியும் சேர்ந்து தூக்கித்தான் உட்கார வைக்கிறோம். டம்ளரைத் தூக்கினால் கை ஆடுகிறது. தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது, இரும முயல்கிறார், இருமலுக்கும் பலமில்லை. தேறிவிடும், மாசக்கணக்காகும் என்கிறார்கள்.

இன்னொன்று. ஆஸ்பத்திரி நாள் எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. மில் குடோனில் மூட்டைகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டதாகவும், யாரோ வந்து தொடையில் பச்சைத்தண்ணி ஊற்றிவிட்டுப் போனதாகவும் சொல்கிறார். நீ வந்ததும் ஞாபகமில்லை. இப்படி நிறையப் பேருக்கு ஆகும் என்று டாக்டர் சொன்னார். நான் அவரிடம் எதையும் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

கிறிஸ்துமஸுக்கு வா.

அமுதா


ஓசூர்
19.12.2024

அண்ணி,

அப்படியானால் நான் யாரிடம் கேட்டுவிட்டு வந்தேன்?

இருபத்து நாலாம் தேதி காலையில் கிளம்புகிறேன். வேலூரில் மாறி வருவேன். யாரும் பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம், வழி மறக்கவில்லை.

வனிதா


ஆரணி
9.1.2025

அன்பு வனிதா,

நல்லபடியாய்ப் போய்ச் சேர்ந்ததாக மதிக்கு மெசேஜ் போட்டிருந்தாய். நீ வைத்துவிட்டுப் போன ரொட்டியைத்தான் பாலில் நனைத்து அவருக்குக் கொடுக்கிறேன், அது புரை ஏறுவதில்லை.

ஒரு விஷயம் எழுத வேண்டும். நீ போன மறுநாள் காலையில் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். அவரே ஆரம்பித்தார். "ஆஸ்பத்திரிக்கு வனிதா வந்துகீறா, நீ சொல்லவேயில்ல அமுதா. நான் அவ கைய கெட்டியா புடிச்சுகினேனாம். நர்ஸு வந்து விடச் சொல்லியும் விடலையாம்."

எனக்குத் துணி கையிலேயே நின்றுவிட்டது. நானும் மதியும் கிறிஸ்துமஸ் பூசைக்குப் போயிருந்தபோது நீ அவரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாய். நான் ஆமாம் என்றேன், வேறென்ன சொல்வேன்.

அப்புறம் சொன்னார்: "அவ வந்ததுலருந்து எப்படி ஆரம்பிக்கறதுன்னு பேஜாரா இருந்துச்சு. அந்த பஸ்ஸு விஷயம். வாய் வரைக்கும் வரும், நின்னுடும். அவ கைய புடிச்சன்னு சொன்னதும்தான் மனசு ஆறிச்சு. மயக்கத்துலகூட கை மன்னிப்பு கேட்டுகீது பாரு."

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். தங்கவேலுவிடம் சொன்னார், பங்குச் சாமியாரிடம் சொன்னார்.

வனிதா, நீ கேட்கக் காத்திருந்த வார்த்தை அவர் வாய்வரை வந்திருக்கிறது. கேட்டாயிற்று என்று நினைத்து விழுங்கிவிட்டார். நீ ஒரு வார்த்தை சொல், நான் அவரிடம் உண்மையைச் சொல்கிறேன். அவரே உனக்குப் போன் போடுவார்.

அமுதா


ஓசூர்
18.1.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நினைத்து வைத்துச் சொல்லவில்லை. கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். பேச்சுக்குப் பேச்சாக, ஆஸ்பத்திரியில் பார்த்ததைவிட இப்போது முகம் தெளிவு என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "நீ வந்தியா? எனக்கு ஒண்ணுமே தெரியலியே. உன்ன எதுனா சொல்லிட்டனாமா?" என்றார். பயந்து கேட்டார் அண்ணி. அண்ணன் பயந்து நான் பார்த்ததில்லை. அப்பா இறந்த அன்றுகூட இல்லை. கையில் ஸ்பூன் இருந்தது, கஞ்சி மார்பில் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைத்துக்கொண்டே, "என் கைய புடிச்சுகினு, நர்ஸு சொல்லியும் விடவே மாட்டேன்னுட்ட அண்ணா" என்றேன். வாயிலிருந்து போன பிறகுதான் பொய் என்று எனக்கே தெரிந்தது.

அவர் முகம் மாறியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கஞ்சியை முழுசாகக் குடித்தார்.

இப்போது சொல்ல வேண்டாம். உட்காரவே முடியாத மனுஷனை உட்கார வைத்துக் கணக்குக் கேட்க எனக்கு மனமில்லை. மே மாசம் பள்ளி விட்டதும் வருகிறேன். அதற்குள் நடக்க ஆரம்பித்திருப்பார். நானே பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணா, நீ கைய புடிக்கல, இப்ப வாயால சொல்லு" என்று கேட்டுக்கொள்கிறேன். ஏழு வருஷம் பொறுத்தவளுக்கு நாலு மாசம் பெரிதில்லை.

உங்கள் நம்பரைத் தடுத்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். ஆனால் இதை எழுதத்தான் வருகிறது.

வனிதா


ஆரணி
6.4.2025

அன்பு வனிதா,

அடக்கத்தன்று கூட்டத்தில் உன்னிடம் எதையும் சொல்ல முடியவில்லை. நாற்பதாம் நாள் பூசைக்கு நீ வர முடியவில்லை என்று மதி சொன்னாள். பரீட்சை நேரம், தெரியும். உன் பெயரையும் சேர்த்துத்தான் பூசை ஒப்புக்கொடுத்தோம்.

அவர் போனது எப்படி என்று நீ கேட்கவே இல்லை. எழுதிவிட்டால் எனக்கும் பாரம் குறையும். சோறு கொஞ்சம் குழைத்துக் கொடுத்தேன், நன்றாகத்தான் சாப்பிட்டார். ஏதோ உள்ளே இறங்கியிருக்கிறது. இருமித் தள்ள நெஞ்சில் பலமில்லை. அடுத்த நாள் காய்ச்சல், அதற்கடுத்த நாள் மூச்சு இரைப்பு. தொடையில் போன மாதிரியே மூச்சு விடுகிற சதையும் போய்விடும் என்று பவித்ரா முன்பே சொல்லியிருந்தாள். எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

ஆம்புலன்ஸில் வேலூர் போகும்போது, கண்ணமங்கலம் தாண்டியிருப்போம். முகத்தில் ஆக்சிஜன் இருந்தது. என்னைப் பார்த்தபடியே இருந்தார். எனக்கு என்னவோ தோன்றிவிட்டது. போனை எடுத்து உன் பெயரை எடுத்தேன். "வனிதாகிட்ட ரெண்டு வார்த்த பேசறீங்களா?" என்றேன். மாஸ்க்கை விலக்கச் சொன்னார். "எதுக்கு அவள பயமுறுத்தற. அவளும் நானும் சரியாய்ட்டோம்" என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். இல்லைங்க, நீங்க அவ கைய புடிக்கல, அவ இன்னும் காத்துகினு இருக்கா என்று சொல்லியிருக்கலாம். நீ வேண்டாம் என்று எழுதியிருந்ததும், அவர் முகம் அமைதியாக இருந்ததும், இரண்டும் சேர்ந்து என்னைக் கட்டிப் போட்டுவிட்டன. போனை உள்ளே வைத்துவிட்டேன். அதன்பிறகு அவர் பேசவில்லை. நான் செய்தது சரியா தப்பா என்று நீதான் சொல்ல வேண்டும்.

போன வாரம் பவித்ரா போன் செய்தாள். வீட்டுக்குப் போனவர்களை மறுபடி அளந்து, சதை எவ்வளவு திரும்பி வந்திருக்கிறது என்று பார்ப்பார்களாம், எப்போது அழைத்து வருகிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். பிறகு, "அவரோட அளவு எங்ககிட்ட இருக்கும் அக்கா. பேர் இருக்காது, அளவு மட்டும் இருக்கும்" என்றாள். அவளுக்கு வேறென்ன சொல்லத் தெரியும், சின்னப் பெண்.

எழுது வனிதா.

உன் அண்ணி,
அமுதா


ஓசூர்
21.4.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் செய்தது சரி. வேண்டாம் என்று சொன்னவள் நான். மூச்சுக்குத் தவிக்கிறவரிடம் அதைச் சொல்லியிருந்தால் உங்களை நான் மன்னித்திருக்க மாட்டேன். இதை மனதில் வைத்துக்கொண்டு இனி நீங்கள் தூங்காமல் இருக்க வேண்டாம்.

அடக்கத்தன்று மில் ஆட்கள் ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். "நீங்கதான் தங்கச்சியா? உங்க கைய புடிச்சுகினத சொல்லிகினே இருப்பாரும்மா" என்றார்கள். எல்லாரிடமும் ஆமாம் என்று தலையாட்டினேன். ஒருத்தர் அழுதே விட்டார். ஊருக்கே அது நடந்த விஷயமாகிவிட்டது. நடக்கவில்லை என்று தெரிந்தவர்கள் நம் குடும்பத்தில் நீங்களும் நானும்தான்.

சரியாகிவிட்டோம் என்று சொன்னாராமே. அவர் சரியாகிவிட்டார் அண்ணி. அதுவரையில் நல்லது. அந்தக் கஞ்சிக் கிண்ணத்தோடு மறுபடி அவர் முன்னால் உட்கார்ந்தாலும், அதே பயத்தோடு அவர் கேட்டாலும், நான் அதையேதான் சொல்லுவேன்.

மதியை லீவுக்கு இங்கே அனுப்புங்கள். நீங்களும் வந்து கொஞ்ச நாள் இருங்கள். நான் இப்போதைக்கு ஆரணிக்கு வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் செய்யாறு வண்டிகள் நிற்கிற இடத்தைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். அவர் இருந்தவரை அந்த இடத்தைத் தாண்ட எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இப்போது அது இல்லை.

"தப்பு பண்ணிட்டேன் வனிதா." அவர் வாயால் இவ்வளவுதான் அண்ணி, எனக்கு வேண்டியிருந்தது. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் உங்களிடம் சொல்கிறேன். இப்போதும் வேண்டியிருக்கிறது.

வனிதா